பெட்டிப் பைத்தியம் துரைக்கண்ணு

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டு ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் ஷெட் வைத்திருந்த துரைக்கண்ணுவைப் பற்றிச் சொல்வதென்றால், முதலில் அவன் வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கையில் தொழில் இருந்தது, அதை அவனுக்கு ஆகாதவர்கள்கூட ஒத்துக்கொள்வார்கள். ஆனால் கை ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி முடிப்பதற்குள் வாய் முழு எஞ்சினையும் கழற்றி மாட்டி, வண்டியை மெட்ராஸ் வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பியிருக்கும்.

ஓமந்தூரில் அவன் அப்பாவுக்கு மூன்று காணி நிலம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுவார். பதினாறு வயதில் துரைக்கண்ணு கிணற்றுமேட்டு ஆயில் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி பூட்டினான். பூட்டி முடித்தபோது நாலு நட்டு மிச்சம். எஞ்சினோ முன்னைவிட நன்றாக ஓடித் தொலைத்தது. "அந்த நாலும் கம்பெனிக்காரன் தெரியாம போட்டதுப்பா" என்றான். இவன் ஏர் பிடிக்க லாயக்கில்லை என்று அப்பா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

அப்படிப்பட்டவனுடைய ஷெட்டுக்கு, எண்பத்தேழாம் வருஷம் சித்திரையில், செபஸ்தியானின் கார் வந்து நின்றது. செபஸ்தியான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு வந்தவர். அந்த மாதிரி ஆட்களைப் பாண்டிச்சேரிப் பக்கம் சொல்தா என்பார்கள். திண்டிவனத்தில் ஒரே ஒரு சொல்தா இவர்தான் என்பதால் பெயரே அதுவாகிவிட்டது. கோபம் வந்தால், கிளம்பு கிளம்பு என்பதற்குப் பிரெஞ்சில் "அலே! அலே!" என்று கத்துவார். சந்தோஷம் வந்தாலும் அதையேதான் கத்துவார். எது என்று மீசையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது நம் சாமர்த்தியம்.

அவர் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்த சாம்பல் நிறக் காரின் பானெட்டைத் தூக்கிய துரைக்கண்ணு, திடுக்கிட்டுப் பின்வாங்கினான்.

"ஐயா, உங்க கார்புரேட்டர எவனோ கழட்டிக்கினு பூட்டான்!"

செபஸ்தியான் இடிஇடியென்று சிரித்தார். கார்புரேட்டரே இல்லாத வண்டி அது. முன்சீட்டில் உட்காருபவர் கால் நீட்டும் இடத்தில், பக்கத் தகட்டை விலக்கிக் காட்டினார். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு வெள்ளைத் தகரப் பெட்டி. அதன் ஒரு முனையில் தடியான பிளக், அதிலிருந்து கொத்தாக வயர்கள். எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது, உள்ளே எவ்வளவு காற்று போகிறது, டிரைவர் எவ்வளவு மிதிக்கிறார் என்பதையெல்லாம் அந்த வயர்கள் வழியாகக் கேட்டுக்கொண்டு, இந்தச் சுற்றுக்கு இவ்வளவு பெட்ரோல் பீய்ச்சு என்று உத்தரவு போடும் எலக்ட்ரானிக் மூளை அது.

"வண்டியில எது வேணாலும் தொடு. இத மட்டும் தொடக்கூடாது. பிரான்ஸ்காரன் படிச்சிப் படிச்சிச் சொல்லிருக்கான்" என்றார் செபஸ்தியான்.

"எங்கம்மா மேல சத்தியம் ஐயா" என்றான் துரைக்கண்ணு. அவன் பார்வை மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை. தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இந்த மனுஷன் இப்படி வாயைப் பிளந்து பார்க்கவில்லை என்று அவன் மனைவி செண்பகம் பின்னால் பலமுறை சொல்லிக்காட்டினாள்.

அதற்கப்புறம் டீக்கடையில் உட்கார்ந்தால் பெட்டி, பஸ் ஸ்டாண்டில் நின்றால் பெட்டி, கோயில் வரிசையில்கூடப் பெட்டி. செண்பகம் சோறு போடும்போது குழம்பு கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டால், "அந்தப் பெட்டியா இருந்தா அளந்து ஊத்தும்" என்பான். "அப்ப அந்தப் பெட்டியவே கட்டிக்க" என்று அவள் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

எதிர் ஷெட் கோதண்டபாணியுடையது. அம்பாசடரையும் லாரியையும் காதாலேயே வைத்தியம் பார்க்கிற மனிதர். இவனுடைய பெட்டிப் பேச்சு அவருக்குச் செருப்பில் ஏறிய முள் மாதிரி.

"டேய் துரை, கார்புரேட்டர்ல கோளாறுன்னா கழட்டி ஒரு ஊது ஊதுவேன், சரியாப்பூடும். உன் பெட்டியில கோளாறுன்னா எத ஊதுவ?"

"பெட்டியில கோளாறே வராதுண்ணே."

"வந்துச்சின்னா?"

"வராதுன்றேன்."

இந்த நேரம் பார்த்து ஆடியில் மல்லாட்டைக்குக் கம்பளிப்புழு விழுந்தது. மருந்து தெளிக்கச் சின்ன ஏரோப்ளேன் ஒன்று வந்து, உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் போட்ட பழைய ஓடுபாதையில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. சேதி கேட்ட துரைக்கண்ணுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தரையில் ஓடுகிற வண்டிக்கே ஒரு பெட்டி என்றால், ஆகாயத்தில் போகிறதற்கு எத்தனை பெட்டி இருக்கும்? ஷெட்டைச் சாத்திவிட்டு பஸ் ஏறினான்.

ப்ளேன் மெக்கானிக் நல்ல மனிதர். மூடியைத் திறந்தே காட்டினார்.

"பெட்டியா? அதெல்லாம் இல்ல தம்பி. ரெண்டு மேக்னெட்டோ இருக்குது. அதுக்கு பேட்டரிகூட வேணாம். எஞ்சின் சுத்தினாலே பொறி வந்துடும். ஒண்ணு பூட்டா இன்னொண்ணு ஓட்டும்."

"ஏன் சார், எலக்ட்ரானிக் பெட்டி ஒண்ணு வச்சா இன்னா?"

"கார் நின்னுபோனா ஓரங்கட்டுவ. இது நின்னுபோனா எங்க ஓரங்கட்டறது? காருங்க இன்னும் பத்து இருபது வருஷம் ஓட்டிக் காட்டட்டும், பாக்கலாம்."

வேறு ஒருவனாக இருந்தால் இந்தச் சேதியை விழுங்கிவிட்டு ஊர் திரும்பியிருப்பான். துரைக்கண்ணுவின் வாய் விழுங்குகிற வாயா? அன்று சாயங்காலமே டீக்கடையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கோதண்டபாணிக்கு அன்றைக்குத்தான் தீபாவளி.

"ஆகாசத்துல போறவனே நம்பலியாம்! செஞ்சி ரோட்டுல இவன் நம்பறானாம்!"

கடையே சிரித்தது. துரைக்கண்ணு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். தன்னைச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பெட்டியைச் சொன்னது பொறுக்கவில்லை.

புரட்டாசியில் ஆயுதபூஜை வந்தது. பிரேக் வேலைக்காக வந்த செபஸ்தியானின் கார் அன்று ஷெட்டில்தான் நின்றது. துரைக்கண்ணு குளித்துவிட்டு, ஸ்பேனர், ஜாக்கி, காற்றடிக்கும் மெஷின் என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தான். காரின் பானெட்டுக்கு வைத்தான், நாலு சக்கரத்துக்கும் வைத்தான். கடைசியாகப் பெட்டிக்கு முன்னால் வந்து குந்தினான்.

மூடிமேல் வைக்கலாம் என்று விரலை நீட்டினான். மனசு ஒப்பவில்லை. மூடி என்பது தலைப்பாகை மாதிரி. தலைப்பாகைக்கா பொட்டு வைப்பார்கள்? நெற்றியில் அல்லவா வைக்க வேண்டும்? பெட்டியின் நெற்றி எது? யோசித்துப் பார்த்தவன், தடியான அந்த பிளக்கை மெதுவாகப் பிடுங்கினான். உள்ளே வரிசையாகத் தங்க நிறத்தில் குட்டிக் குட்டி ஊசிகள் பளபளத்தன. இதுதான் முகம் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது. பெட்டியைத் திறக்கவில்லை, பிளக்கைத்தான் பிடுங்கியிருக்கிறோம், சத்தியத்துக்கு ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் கணக்குப் பண்ணிக்கொண்டு, குழைத்த சந்தனத்தைத் தாராளமாக வைத்து அதன்மேல் குங்குமமும் இட்டான். கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பிளக்கை மாட்டினான். மறுநாள் வெயிலில் வண்டியை எடுத்தபோது பூப்போல ஓடியது. அன்றே ஒப்படைத்துவிட்டு, பொட்டு வைத்ததையே மறந்துவிட்டான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. செபஸ்தியான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசைக்குக் கிளம்பினார். கார் இருமியது, திணறியது, தெரு முனையில் செத்தது. துரைக்கண்ணு ஓடினான். மத்தியானம் வெயில் அடித்ததும் வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. அடுத்த நாள் காலையில் மறுபடி இருமல். வெயில் ஏறினால் ஓட்டம். துரைக்கண்ணு எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினான், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான், எர்த் வயரைச் சுரண்டினான். எஞ்சினில் அவன் கை படாத இடமில்லை. பெட்டியை மட்டும் தொடவில்லை. அதில்தான் கோளாறே வராதே!

"காலையில எழுந்திருக்க சோம்பேறிப்படுது ஐயா. வெளிநாட்டுப் பெட்டி, நம்ம ஊரு ஈரம் ஒத்துக்கல" என்று அவன் உளறிய உளறலைக் கேட்டுச் செபஸ்தியானின் மீசை துடித்தது. எதிர் ஷெட்டிலிருந்து கோதண்டபாணி கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார்.

"சொல்தா, பேஜாரே வேணாம். அந்தப் பெட்டியும் வயரும் மொத்தமா பிடுங்கி எறிஞ்சிட்டு அம்பாசடர் கார்புரேட்டர் ஒண்ணு மாட்டித் தரேன். ஒரு நாள் வேல."

துரைக்கண்ணு கார் கதவை மறித்துக்கொண்டு நின்றான். பிடுங்கி எறிவதா? அந்த மூளையைக் காயலான் கடையில் போடுவதா?

செபஸ்தியான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வருகிற புதன்கிழமை காலை எட்டு மணிக்கு விழுப்புரம் மாதா கோயிலில் அவர் மகள் அமல்ராணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கண்முன்னால் மகள் அந்தக் காரிலிருந்துதான் இறங்க வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"பெட்டியோடதான் கல்யாணத்துக்குப் போவப்போறேன். துரை, நீ ஓட்டு. கோதண்டபாணி, நீ அம்பாசடர எடுத்துக்கினு பின்னால வா. ஏரோப்ளேன்ல ரெண்டு மேக்னெட்டோ இருக்குற மாதிரி. வழியில நின்னுச்சோ, ஊர் திரும்பின உடனே பெட்டிய நீ கழட்டிக்கலாம். அலே!"

புதன்கிழமை விடியும்போதே தூறல். துரைக்கண்ணு முந்தின நாளே காரைச் செபஸ்தியான் வீட்டு அடுப்படிக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தி, பானெட்டின் மேல் இரண்டு கம்பளி போர்த்தி வைத்திருந்தான். அந்தக் கதகதப்பிலோ என்னவோ, சாவி போட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவனுக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. வெள்ளைப் பட்டுச் சேலையும் தலையில் பூக்கிரீடமும் முக்காட்டு வலையுமாக அமல்ராணி பின்சீட்டில் ஏறினாள். பக்கத்தில் செபஸ்தியான் கோட்டும் மெடலுமாக. பின்னால் அம்பாசடரில் கோதண்டபாணி, அவரோடு ஒன்பது உறவினர்கள், பலகாரக் கூடை, ஒரு மஞ்சப்பைக்குள் கார்புரேட்டர்.

கூட்டேரிப்பட்டு வரைக்கும் துரைக்கண்ணு வாய் ஓயாமல் பேசினான். "பாத்தீங்களா ஐயா, பாத்தீங்களா! தங்கச்சி, உனுக்காவத்தான் ஓடுது!" என்று ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிக் கொஞ்சினான். கூட்டேரிப்பட்டு தாண்டி இரண்டு மைல் போனதும் தூறல் மழையாகி ஜன்னல் வழியே சாரல் அடித்தது. கார் ஒரு முறை இருமியது. மறுபடி இருமியது. புளியமரத்தடியில் போய், ஓரங்கட்டக்கூட அவகாசம் கொடுக்காமல், பாதி ரோட்டில் நின்றது.

மணி ஏழேகால். துரைக்கண்ணு சாவியைத் திருப்பினான். செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் அம்பாசடர் வந்து நின்று, அதிலிருந்து ஒன்பது பேரும் ஒருவர்பின் ஒருவராக உதிர்ந்தார்கள். கோதண்டபாணி மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியதைக் கண்ணாடியில் பார்த்த துரைக்கண்ணுவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அமலு, எறங்கு. அம்பாசடர்ல ஏறு. ஜல்தி!" என்றார் செபஸ்தியான்.

"அஞ்சே நிமிஷம்ப்பா" என்றாள் அமல்ராணி.

அவள் விழுப்புரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ரேடியோ, டிவி மெக்கானிக் வகுப்பில் படித்து, அங்கேயே ஒரு டிவி ரிப்பேர் கடையில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறவள். ஹாஸ்டலிலேயே தங்கியிருந்ததால் இந்தக் காரில் அவள் ஏறியதே நாலைந்து தடவைதான். பெட்டியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், பொம்பளைப் பிள்ளைக்கு எஞ்சின் எதற்கு என்று அப்பா அடக்கிவிடுவார். இன்று அவரால் அடக்க முடியவில்லை. கிரீடத்தைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தாள், முக்காட்டை இடுப்பில் செருகினாள், முன்சீட்டுக்கு வந்து கால் நீட்டும் இடத்துக்குள் தலையை விட்டாள்.

"அண்ணே, வெயில் அடிச்சா ஓடுதா?"

"ஓடுது தங்கச்சி."

"ஈரமா இருந்தா நிக்குதா?"

"நிக்குது."

"ஆயுதபூஜைக்கு வண்டி எங்க இருந்துச்சி?"

துரைக்கண்ணுவுக்கு உச்சந்தலையில் ஐஸ்கட்டி வைத்த மாதிரி இருந்தது. அதற்குள் அவள் பிளக்கைப் பிடுங்கி, விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய்விட்டாள். காருக்குள் சந்தனம் கமகமவென்று மணந்தது.

"எங்க கடையில ஆயுதபூஜைக்கு மறுநாள்தான் கூட்டமே" என்று அவள் குனிந்தபடியே கிசுகிசுத்தாள். "பாதி டிவிக்குள்ள குங்குமம் இருக்கும். காஞ்சி கெடந்தா சும்மா இருக்கும்ணே. ஈரக்காத்து பட்டா ஊசிக்கு ஊசி கரண்ட கடத்தும். எஞ்சின் சூடா இருக்குதுன்னு பெட்டிக்குப் பொய் சேதி போவுது. அது நம்பி பெட்ரோல கொறைக்குது. பெட்டி சரியாத்தான் வேல செய்யுது பாவம்."

துரைக்கண்ணு பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். கல்யாணப் பெண்ணுக்கு அன்று எல்லோர்மேலும் இரக்கம் சுரந்துகொண்டிருந்தது.

"அப்பாகிட்ட ஈரம் எறங்கிடுச்சின்னு மட்டும் சொல்லிடறேன். வுடுங்க."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அமல்ராணி அப்பாவின் கோட்டுப் பையிலிருந்த ஓடிகொலோன் சென்ட் பாட்டிலை வாங்கினாள். கைக்குட்டை தடியாக இருந்தது. யோசிக்காமல் முக்காட்டு வலையின் ஓரத்தைத் திரித்து, ஓடிகொலோனில் நனைத்து, ஒவ்வோர் ஊசியாகத் துடைத்தாள். வெள்ளை வலை மஞ்சளாகி, சிவப்பாகியது.

"ஒண்ணும் இல்லப்பா. ஈரம் எறங்கிருக்கு."

"பாத்தீங்களா சொல்தா!" கோதண்டபாணி துள்ளினார். "ஈரம் தாங்காத பெட்டிய வச்சிக்கினு நம்ம ஊர்ல இன்னா பண்றது? இதுக்கப்பறம் கார்த்திக இருக்குது. நாளைக்கே பிடுங்கிடறேன்."

செபஸ்தியான் பெருமூச்சு விட்டார். "ம். பிடுங்கிடு."

துரைக்கண்ணு பெட்டியைப் பார்த்தான். பேசாமல் இருந்தால் தப்பித்தான். ஈரம் தாங்காத பெட்டி என்று ஊர் பேசும், அவனை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பேசினாலோ, தொடமாட்டேன் என்று அம்மாமேல் சத்தியம் பண்ணிவிட்டுத் தொட்டவன், சந்தனம் வைத்துக் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தவன் என்று தொழிலே படுத்துவிடும். எப்போதும் முந்திக்கொண்டு ஓடுகிற வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. கஷ்டப்பட்டுத்தான் திறந்தான்.

"பெட்டி மேல தப்பில்ல ஐயா. ஈரமும் இல்ல. நான்தான் உள்ள பொட்டு வச்சேன். ஆயுதபூஜை அன்னிக்கு. பிளக்கப் பிடுங்கி, சந்தனம் வச்சேன்."

 கையில் பூக்கிரீடத்தோடு நின்ற செபஸ்தியான் காருக்குள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"சந்தனம் மட்டுமா?"

"குங்குமமும்தாங்க."

ஒன்பது உறவினர்களில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் எல்லோரும். கோதண்டபாணி தலையில் அடித்துக்கொண்டார். "அறிவு கெட்டவனே! நானும்தான் வருஷா வருஷம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள வைக்கிறேன். மறுநாளே தொடைச்சிடமாட்டேன்?"

"தொடைக்கிறீங்களாண்ணே?" அமல்ராணி உள்ளிருந்தே கேட்டாள். "அப்ப பூஜைக்கு அடுத்த வாரம் உங்க ஷெட்ல மட்டும் ஏன் அத்தினி வண்டி பொறி வராம மிஸ்ஸிங்னு வந்து நிக்குதாம்? அப்பாதான் லெட்டர்ல எழுதிருந்தாரு."

கோதண்டபாணி மஞ்சப்பையை மற்றக் கைக்கு மாற்றினார். துரைக்கண்ணு பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பினான். அரைச் சுற்றுதான். எஞ்சின் சீறிக்கொண்டு எழுந்தது. கொட்டுகிற மழையில், நனைந்த ரோட்டில், விக்கிரவாண்டி வழியாக அந்தக் கார் பறந்த பறப்பு இருக்கிறதே, செபஸ்தியான் "அலே! அலே! அலே!" என்று கத்திக்கொண்டே வந்தார். எந்த அலே என்று திரும்பி மீசையைப் பார்க்கத் துரைக்கண்ணுவுக்குத் தைரியம் வரவில்லை. எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால், ஓரம் சிவந்த முக்காட்டோடு பெண் இறங்கினாள். அது புதுசாக வந்த பிரெஞ்சு ஃபேஷன் என்று மாப்பிள்ளையின் அத்தை பக்கத்திலிருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பந்தியில் துரைக்கண்ணு கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்தான். பிரியாணி மணம் மூக்கில் ஏறவில்லை. பந்தி விசாரித்துக்கொண்டு வந்த செபஸ்தியானிடம், இரண்டு இலை தள்ளி இருந்த கோதண்டபாணி சொன்னது அவன் காதில் விழுந்தது.

"பெட்டி இருக்கட்டும் சொல்தா, நல்ல பெட்டிதான். ஆனா இனிமே இந்தப் பையன் கைய அது பக்கமே வுடாதீங்க."

"அது பக்கம் போறதுக்கு ஒருத்தனுக்குத்தான் உத்தரவு" என்றார் செபஸ்தியான்.

"ஆருக்கு? மெட்ராஸ்லேருந்து ஆள் வரவைக்கிறீங்களா?"

"தான் இன்னா தப்பு பண்ணான்னு நட்டநடு ரோட்டுல நின்னு சொன்னான் பாரு, அவனுக்கு. பெட்டிய நம்பி அவன்கிட்ட வுடறதுக்கு எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்து, இன்னும் கொஞ்சம் கறி போடச் சொல்லிப் பரிமாறுகிறவரை விரட்டினார். துரைக்கண்ணுவுக்கு அதற்கு மேல் ஒரு கவளம் இறங்கவில்லை. சிரிப்பு வந்தது, கண்ணீர் வந்தது, எது முதலில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து, கையை நன்றாக இரண்டு தடவை கழுவித் துடைத்துக்கொண்டு, கார் நின்ற இடத்தைப் பார்த்து நடந்தான்.